நாற்பத்தெட்டுப் பல் சக்கரம்

என் மருமகனிடம் நான் எதையும் கேட்டதில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் எங்கள் வீட்டுக்கு வருவார், சாப்பிடுவார், கொஞ்சநேரம் டிவி பார்ப்பார், மகளைக் கூட்டிக்கொண்டு பெரம்பலூருக்குத் திரும்பிவிடுவார். 'வாங்க மாப்ள', 'சாப்பிடுங்க மாப்ள', 'பாத்துப் போங்க மாப்ள' என்பதைத் தாண்டி எங்களுக்குள் பேச்சு வளர்ந்ததில்லை. மாமனார் என்பவன் கொடுக்கிற இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று எனக்குள் ஊறிப்போயிருந்தது. அதனால், போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் கை கழுவிவிட்டுத் துண்டைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், "மாப்ள, ஒரு சின்ன உதவி" என்று நான் ஆரம்பித்தபோது என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"சொல்லுங்க மாமா" என்றார்.

"கை வலிக்குது. ரோட்டரி டேபிளச் சுத்த முடியல. அதுக்கு ஒரு மோட்டார் வெச்சுக் குடுக்க முடியுமா?"

கை வலி என்பது பொய். அந்தப் பொய்யை நான் யோசித்துத்தான் தேர்ந்தெடுத்திருந்தேன். வயதான காலத்தில் கை வலிக்கிறது என்றால் யாரும் மதிப்புக் குறைவாக நினைக்கமாட்டார்கள்.

நான் அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையின் மெஷின் ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, ஒரு பழைய லேத்தும் ஒரு மில்லிங் மெஷினும் வாங்கிப் போட்டேன். ரைஸ் மில், எண்ணெய் மில், போர் போடும் வண்டி, முந்திரிக் கம்பெனி என்று சுற்று வட்டாரத்தில் எங்காவது ஒரு பல்சக்கரம் உடைந்து, அதற்கு மாற்று கடையில் கிடைக்கவில்லை என்றால் என்னிடம் கொண்டுவருவார்கள். புதிதாக வெட்டிக் கொடுப்பேன்.

பல்சக்கரம் வெட்டுவதில் வெட்டுவது சுலபம். சமமாகப் பிரிப்பதுதான் வேலை. அதற்குத்தான் ரோட்டரி டேபிள். ஒரு கைப்பிடியும் அதன் மேல் டிகிரி கோடுகள் போட்ட டயலும் உள்ள கனமான வட்டத் தட்டு அது. என்னிடம் இருப்பதில் கைப்பிடியை ஒரு முழுச் சுற்று சுற்றினால் தட்டு நாலு டிகிரி நகரும். நாற்பத்தெட்டுப் பல் வேண்டுமென்றால் ஒரு பல்லுக்கு ஏழரை டிகிரி. அதாவது ஒரு முழுச் சுற்று, அப்புறம் மூன்றரை டிகிரி. நிறுத்த வேண்டும், பூட்ட வேண்டும், வெட்ட வேண்டும். அடுத்த பல்லுக்கு மறுபடி ஒரு சுற்றும் மூன்றரையும். ஒவ்வொரு தடவையும் டயலில் நிற்கும் இடம் மாறிக்கொண்டே வரும். அந்தக் கணக்கைத் தலையில் ஓட்டிக்கொண்டே வெட்ட வேண்டும். ஆலையில் எனக்குப் பக்கத்தில் நின்று வம்பு பேசிக்கொண்டே இருப்பார்கள். நானும் பதில் பேசிக்கொண்டே கணக்கை விடாமல் வெட்டியிருக்கிறேன்.

ஒருநாள் காலையில் காபி டம்ளர் என் கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவன் அப்படியே சரிந்தேன். திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூளையில் சின்ன அடைப்பு என்றும், சீக்கிரம் கொண்டுவந்ததால் தப்பித்தீர்கள் என்றும் டாக்டர் சொன்னார். கை திரும்ப வந்துவிட்டது. பேச்சு குழறவில்லை. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் "ஒண்ணுமே தெரியலயே, முன்ன மாதிரியேதான் இருக்கீங்க" என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன், கொட்டகைக்குள் திரும்பப் போகும்வரை.

எண்கள் என்னிடம் நிற்கவில்லை. ஒரு சுற்று சுற்றி நிறுத்தினால், இது சுற்றியதா சுற்றப்போவதா என்று தெரியவில்லை. டயலைப் பார்ப்பேன். பார்த்த எண் கையைத் தாழ்ப்பாளில் வைப்பதற்குள் வேறாகிவிடும். மற்ற எதுவும் மாறவில்லை. உளி தீட்டத் தெரிந்தது, இரும்பின் நிறத்தைப் பார்த்துச் சூடு சொல்லத் தெரிந்தது. எண் மட்டும் தண்ணீரில் போட்ட சோப்பு மாதிரி வழுக்கியது. யாரிடமும் சொல்லவில்லை.

ஆண்டிமடத்துக்குப் பக்கத்தில் முந்திரிக் கம்பெனி நடத்தும் ஓர் அம்மா என் பழைய வாடிக்கை. முந்திரி வறுக்கிற டிரம்மைச் சுற்றவைக்கும் பல்சக்கரம் தேய்ந்துவிட்டது என்று கொண்டுவந்தார். நாற்பத்தெட்டுப் பல். நிறுத்தி நிறுத்தி, வியர்க்க வியர்க்க வெட்டிக் கொடுத்தேன். சில நாளில் திரும்பக் கொண்டுவந்தார். டிரம் சுற்றும்போது ஓரிடத்தில் 'டக்'கென்று இடிக்கிறதாம். மேசைமேல் வைத்துப் பார்த்தேன். ஒரு பல் மற்றதில் பாதிதான் இருந்தது. அதற்கு அடுத்தது தடித்திருந்தது. படிக்காதவர் கண்ணுக்கும் தெரியும் தப்பு.

அந்த அம்மாவும் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். பிறகு, "இரும்பு சரியில்லயோ என்னமோ சார்" என்றார்.

"இருக்கும்மா" என்றேன்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் திருப்பிப் பேசியிருப்பேன். வேண்டுமென்றே என் மானத்தைக் காப்பாற்றிவிட்டு அவர் ஸ்கூட்டியில் ஏறிப் போனதுதான் என்னைச் சாப்பிடவிடாமல் செய்தது. அந்த வாரம்தான் மருமகனிடம் கை வலி என்று சொன்னேன்.

மருமகன் பெரம்பலூரில் இன்வெர்ட்டர், கேமரா எல்லாம் மாட்டிக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறார். நான் கேட்டதும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கு இன்னும் கூச்சமாகிவிட்டது. கேட்கமாட்டாரா என்று இத்தனை வருஷம் காத்திருந்தவர் போல உடனே கொட்டகைக்கு வந்துவிட்டார்.

"கைப்பிடியக் கழட்டிட்டு அங்க ஸ்டெப்பர் மோட்டார மாட்டிரலாம் மாமா. இது சும்மா ஓடுற மோட்டார் இல்ல. எவ்வளவு நகரணும்னு சொன்னா அவ்வளவுதான் நகரும், நிக்கும். ஒரு பொட்டி செஞ்சு தரேன். அதுல எத்தன பல்லுன்னு அடிச்சாப் போதும். கணக்கெல்லாம் அதுவே போட்டுக்கும்."

'கணக்கெல்லாம் அதுவே போட்டுக்கும்.' அந்த வார்த்தைக்காகத்தான் நான் காத்திருந்தேன்.

"ஒரு சுத்துக்கு எத்தன டிகிரி மாமா?" என்று கேட்டார். எனக்கு வாயில் வந்த எண்ணின் மேல் நம்பிக்கை இல்லை. மூக்குக் கண்ணாடியைத் தேடுவது போலப் பாசாங்கு செய்து, ரோட்டரி டேபிளில் பதித்திருந்த தகட்டை அவரையே படிக்கவைத்தேன்.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைதோறும் தனியாக வந்தார். மோட்டாரை உட்காரவைக்கும் தட்டையும் அதை அந்தச் சுழல் மேசையோடு இணைக்கும் கப்ளிங்கையும் நான் கடைந்தேன். அந்த வேலையில் எண்ணைவிடக் கைதான் பேசும். "எவ்ளோ சுத்தமா இருக்கு மாமா" என்று கப்ளிங்கை விரலில் உருட்டிப் பார்த்தார். வயரெல்லாம் அவர் வேலை. முதலில் மோட்டார் நடுங்கியதே தவிரச் சுற்றவில்லை. பிறகு சுற்றியது, ஆனால் திரும்பி வரும்போது முடியளவு பிசகியது. மேசைக்குள் இருக்கும் பற்களின் தளர்ச்சி அது என்று நான் சொன்னேன். எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து வந்து நிற்கும்படி அவர் ப்ரோகிராமை மாற்றினார். அது சரியானதும் இருவரும் சிரித்தோம். மாமனாரும் மருமகனும் சேர்ந்து சிரிக்கிற சத்தம் கேட்டு என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

வட்டமாக வெட்டிய அட்டையை வைத்து, பேனா முனையால் கோடு போட்டுச் சோதித்தோம். எண்களை அவர்தான் அடித்தார். கோடுகள் அச்சடித்தது போல விழுந்தன. நான் அந்த முந்திரிக் கம்பெனி அம்மாவுக்குப் போன் போட்டு, புதுச் சக்கரம் வெட்டித் தருகிறேன், நேரிலேயே வந்து பாருங்கள் என்றேன். அழைத்திருக்க வேண்டியதில்லை. வெட்டி அனுப்பியிருக்கலாம். அவர் பார்க்க வேண்டும் என்று எனக்கு இருந்தது.

அவர் வந்தார். மனைவி டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு அவளும் ஓரமாக நின்றாள். மருமகன் மோட்டாரின் வயரைக் குனிந்து இறுக்கிக்கொண்டிருந்தார். நான் பெட்டியின் முன்னால் நின்றேன்.

"பாருங்கம்மா, இனிமே எண்ண வேண்டியதில்ல. நாப்பத்தெட்டுன்னு அடிச்சாப் போதும்" என்று சொல்லிக்கொண்டே பட்டனை அழுத்தினேன். மேசையில் பூட்டியிருந்த இரும்பு வட்டின் மேல் கட்டரை இறக்கினேன். முதல் வெட்டு விழுந்தது. பொத்தானைத் தட்டினேன், மேசை தானாக நகர்ந்து நின்றது. இரண்டாவது வெட்டு.

இரண்டு வெட்டுக்கும் நடுவில் பல் இல்லை. கத்தி முனை போல மெல்லிய தகடு ஒன்று நின்றது. மேசை பாதி தூரம்தான் நகர்ந்திருந்தது. வட்டு வீண்.

"என்ன மாப்ள இது?" என்று நான் கத்தினேன். "ஒங்க பொட்டி சரியில்லயே! அவ்வளவு சொன்னேன்ல, நல்லா சோதிச்சுப் பாருங்கன்னு!"

அப்படி நான் சொன்னதே இல்லை.

மருமகன் நிமிர்ந்து வந்து பெட்டியைப் பார்த்தார். நானும் அப்போதுதான் கவனித்தேன். திரையில் 84 என்று இருந்தது. வாய் நாற்பத்தெட்டு என்று சொல்லிக்கொண்டிருக்க, விரல் எட்டையும் நாலையும் அழுத்தியிருக்கிறது. அடிக்கும்போதே அதை நான் பார்த்தும் இருக்கிறேன். பார்த்தபோது எனக்கு அது சரியாகத்தான் தெரிந்தது.

அந்த அம்மா எட்டிப் பார்க்க ஓர் அடி முன்னால் வந்தார். மருமகன் அதற்குள் ஒரு பட்டனைத் தட்டி அந்த எண்ணை அழித்துவிட்டார்.

"ஆமா மாமா. ப்ரோகிராம்ல தப்பு இருக்கு. எம்மேலதான் தப்பு" என்றார்.

"கம்ப்யூட்டர நம்பி இரும்ப வீணாக்காதீங்க தம்பி" என்று அந்த அம்மா அவரைப் பார்த்துச் சொன்னார். "சாரு கையால செஞ்சாலே போதும். எனக்கு டிரம்மு நின்னுபோச்சுன்னா அத்தன பொம்பளைங்களும் வேலயில்லாம ஒக்காந்துருவாங்க."

மருமகன் தலையாட்டினார். நான் அழுக்குத் துணியை எடுத்து, சுத்தமாக இருந்த மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மா ஸ்கூட்டியில் ஏறிப் போனார். என் மனைவிதான் முதலில் பேசினாள். அவள் வரதராசன்பேட்டையில் பிறந்தவள். ஆரம்பப் பள்ளியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். மருமகனைப் பார்த்துத்தான் சொன்னாள், என்னைப் பார்க்கவில்லை.

"ஆஸ்பத்திரிலேந்து வந்ததுலேந்து இப்டித்தான் தம்பி. நம்பர மாத்திப் பாக்குறாரு. கேஸ் சிலிண்டருக்குப் போன் பண்றப்பயும் மாத்தி அடிச்சாரு. பதினேழ எழுவத்தொண்ணுன்னு எழுதுற புள்ளைங்கள எத்தன வருஷம் பாத்துருக்கேன், எனக்குத் தெரியாதா? கேட்டா கோவப்படுவாருன்னு வுட்டுட்டேன்."

"என்னப் பச்சப்புள்ளையோட சேக்குறியா?" என்றேன்.

"நான் எதோடயும் சேக்கல. சொன்னேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன். மெயின் ரோடு வரை நடந்தேன். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. தெரிந்த டிரைவர் ஒருவர் ஹாரன் அடித்துக் கையாட்டினார். நானும் ஆட்டினேன். எனக்கு மூளையில் அடைப்பு வந்ததற்கு நான் வெட்கப்படவில்லை. அது யாருக்கும் வரும். எட்டையும் நாலையும் மாற்றிப் பார்த்ததற்குக்கூட இல்லை. மாற்றிப் பார்த்தது தெரிந்த பிறகும் அந்தத் துணியால் மேசையைத் துடைத்துக்கொண்டு நின்றேனே, அதுதான் நெஞ்சில் கனத்தது.

திரும்பி வந்தபோது வாசலில் மருமகனின் பைக் இல்லை.

"சாப்ட்டாரா?" என்றேன்.

"இல்ல" என்றாள். "வேல இருக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

மீன் குழம்பு சட்டியோடு மூடியபடி இருந்தது. எங்கள் வீட்டிலிருந்து மருமகன் சாப்பிடாமல் போனது அதுதான் முதல் தடவை. மனைவி எனக்கு மட்டும் இலை போட வந்தாள். சாப்பிட்டேன்.

அடுத்த ஞாயிறு அவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். என்னிடம் "நல்லாருக்கீங்களா மாமா" என்று கேட்டுவிட்டு நேராக அடுப்படிக்குப் போய் மனைவியிடம், "அத்த, ஒண்ணுலேந்து நூறு வரைக்கும் போன்ல பேசிக் குடுங்க, ஒவ்வொண்ணா" என்றார். அவள் ஏன் என்று கேட்கவில்லை. வகுப்பில் வாய்ப்பாடு சொல்லும் குரலில் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள்.

அந்தக் குரலைப் பெட்டிக்குள் வைத்து, ஒரு சின்ன ஸ்பீக்கரை மாட்டினார். இப்போது எண்ணை அடித்தால் பெட்டி என் மனைவியின் குரலில் திருப்பிச் சொல்லும். "நாப்பத்தெட்டு. சரியா?" கேட்டுவிட்டு நிற்கும். சரி என்று இன்னொரு பட்டனைத் தட்டினால்தான் மேசை நகரும். கண்ணுக்கு மாறுகிற எண் காதுக்கு மாறுவதில்லை என்பதை அவர்தான் கண்டுபிடித்தார். டாக்டரிடம்கூட நான் இதைச் சொன்னதில்லை.

முதல் தடவை அந்தக் குரல் கேட்டபோது எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. வீட்டுப்பாடம் காட்டும் பையன் மாதிரி நின்றேன். ஆனால் சக்கரம் சரியாக வந்தது. நாற்பத்தெட்டும் முடிந்து மேசை இன்னொரு தடவை நகர்ந்தபோது கட்டர் முதல் வெட்டிலேயே போய் உட்கார்ந்தது.

சக்கரத்தைக் கொடுக்க நானே ஆண்டிமடம் போகிறேன் என்றேன். ஆஸ்பத்திரிக்குப் பிறகு வண்டி ஓட்ட எனக்குத் தடை. மருமகன்தான் பைக்கில் கூட்டிப்போனார். வழி நெடுக முந்திரித் தோப்பு. பின்னால் உட்கார்ந்து சாக்கில் சுற்றிய சக்கரத்தை மடியில் பிடித்துக்கொண்டு, சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

அந்த அம்மா ஷெட் வாசலில் நின்றிருந்தார். "வாங்க சார், வாங்க தம்பி" என்றார். நான் உட்காரவில்லை.

"அம்மா, அன்னிக்கு மாப்ள மேல தப்பில்ல. நம்பர நாந்தான் மாத்தி அடிச்சேன். ஒடம்பு சரியில்லாமப் போனதுலேந்து எனக்கு எண்ணு தடுமாறுது. மொதச் சக்கரம் கெட்டதும் அதாலதான். இரும்பு நல்ல இரும்புதான்."

அவர் முகம் மாறியது. இவ்வளவு என்று அவர் நினைத்திருக்கவில்லை. பரிதாபப்பட்டு ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ உள்ளே போய் ஒரு சாக்பீஸ் கொண்டுவந்தார். சக்கரத்தை மேசைமேல் வைத்து, ஒரு பல்லில் அடையாளம் போட்டு, விரலை வைத்து எண்ண ஆரம்பித்தார். மெதுவாக, உதடு அசைய எண்ணினார். உள்ளே முந்திரி உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நானும் மருமகனும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். என் வாழ்நாளில் நான் வெட்டிக் கொடுத்த சக்கரத்தை யாரும் என் முன்னால் எண்ணிப் பார்த்ததில்லை.

"சரியா இருக்கு சார்" என்றார் முடித்துவிட்டு. "தப்பா நெனச்சுக்காதீங்க."

"இல்லம்மா. எண்ணித்தான் வாங்கணும்" என்றேன். அவர் செய்தது சரி. சரிதான் என்பதால் வலிக்காமல் இருந்துவிடவில்லை.

திரும்பும்போது ஜெயங்கொண்டத்தில் ஒரு டீக்கடையில் மருமகன் பைக்கை நிறுத்தினார். மோட்டார் ரொம்பச் சூடாகிறது, ஒரு ஃபேன் வைக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தார். நான் குறுக்கிட்டேன்.

"மாப்ள, அன்னிக்கு ஒங்க பொட்டியக் கொற சொன்னது—"

"விடுங்க மாமா."

"விட மாட்டேன். தெரிஞ்சுதான் சும்மா இருந்தேன். மன்னிச்சுக்கங்க."

அவர் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். பரவாயில்லை என்று சொல்லிவிடுவார், நானும் எழுந்துவிடலாம் என்று நினைத்தேன்.

"கஷ்டமாத்தான் இருந்துச்சு மாமா" என்றார். "நீங்க கத்துனது இல்ல. நம்பர நீங்களும் பாத்தீங்கன்னு எனக்குத் தெரியும். அந்தம்மா என்னச் சொல்றப்ப, நீங்க ஏதாச்சும் சொல்லுவீங்கன்னு நெனச்சேன். சும்மா ஒரு வார்த்த."

டீக் காசை நான் எடுத்துக் கொடுத்தேன். அவர் கிளாஸை வைத்துவிட்டு, "ஏறுங்க மாமா, வெயில் ஏறுது" என்றார். வழியில் ஃபேன் எங்கே வைப்பது என்று மறுபடி பேச்செடுத்தார். நான் இடம் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் மகள் போன் செய்தாள். வட்டு வீணானதோ, நான் கத்தியதோ, தன் புருஷன் பசியோடு வீடு திரும்பியதோ எதுவும் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. அவர் சொல்லவே இல்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள், "அவர்கிட்டப் போய் ஏம்ப்பா அப்டிப் பேசுன?" என்று மட்டும் கேட்டாள். நான் போனை மனைவியிடம் கொடுத்தேன்.

இப்போதும் வேலை வருகிறது, முன்னைவிடக் குறைவு. வேப்பந்தட்டையிலிருந்து ஒருவர் வந்தபோது பெட்டி பேசுவதைக் கேட்டு, "என்ன சார், டீச்சரம்மா குரல் மாதிரி இருக்கு?" என்று சிரித்தார். எனக்கு எண் தடுமாறும், அதனால் அது சொல்லித் தருகிறது என்றேன். சொல்லி முடிப்பதற்குள் காது மடல் சூடாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் ஆகிறது.